கல்லுக்கு அந்தப் பக்கத்து நாவல் மரம்

சின்னக்குழந்தை உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். களி உருண்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்குமாக நடந்தபடியே விழுங்குவான். அவன் மனைவி பெரியம்மாள் கல்யாணமான புதிதில் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து பார்த்தாள். அப்புறம் சலித்துப்போய், "துன்றவன் வந்து துன்னட்டும்" என்று சட்டியை அடுப்பு மேலேயே வைத்துவிட்டாள்.

பெயர்தான் சின்னக்குழந்தை. ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவன், கூரைக்குள் நுழையும்போது இடுப்பை மடக்கித்தான் நுழைய வேண்டும். தோளில் எந்நேரமும் வடக்கயிறு, இடுப்பில் கத்தி. புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் இருக்கிற அந்த ஊரில் எல்லோரையும்போல அவனுக்கும் கொஞ்சம் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, நாலைந்து புளியமரம் உண்டு. ஆனால் ஊர் அவனை வைத்திருந்தது வேறொரு வேலைக்காக. வீட்டின் மேல் சாய்ந்த மரங்களைக் கழிக்கிற வேலை. பலாவும் மாவும் புளியும் வீட்டோடு வீடாக நிற்கிற ஊர். ஐப்பசி பிறந்து காற்று மலையில் மோதினால், எந்தக் கொம்பு எந்தக் கூரையில் விழும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் ஏறி, இறக்க வேண்டியதை இறக்கிவிட வேண்டும்.

அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்பான். வா என்று கூப்பிட்டால் காதில் விழாது. அண்ணாந்து பார்ப்பான். கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்ப்பான். "இன்னாடா, வானத்துல மாடு மேயுதா?" என்று சிரிப்பார்கள். "அந்தக் கெள சரியில்ல" என்பான். அவ்வளவுதான், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். காற்றுக் காலத்தில் அவன் வந்து அண்ணாந்து பார்த்தாலே சில வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "போய்யா அந்தாண்ட, சும்மா கெடக்கற மரத்தப் பாத்து வாய வெச்சிக்கினு" என்று விரட்டியவர்களும் உண்டு.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அவன் சிறுவனாக இருந்தபோது, அவன் அம்மா அடுப்பெதிரே உட்கார்ந்து களி கிண்டிக்கொண்டிருந்தாளாம். பலாக்கொம்பு ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு இடுப்பில் விழுந்ததாம். அவள் சாகவில்லை. ஆனால் அதற்கப்புறம் நிமிர்ந்து நடக்கவும் இல்லை. அதிலிருந்து இவனுக்குக் கால் தரையில் பாவாமல் போய்விட்டது என்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, தொட்டிலில் கிடந்தபோதே காலை உதைத்துக்கொண்டிருந்தவன்தான் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

வேலையில் மட்டும் அவசரமே கிடையாது. அதுதான் வேடிக்கை. மரத்தின் மேல் ஏறிவிட்டால் வேறு ஆள். கொம்பை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டுவான், பிறகுதான் மேலிருந்து வெட்டு. இல்லாவிட்டால் கொம்பு முறிகிறபோது மரத்தின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். பெரிய கொம்பென்றால் கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கவையில் மாட்டி, நுனியைக் கீழே விடுவான். கீழே பெரியம்மாள் அதை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காலை ஊன்றி நிற்பாள். கொம்பு முறிந்து தொங்கும்போது இழுத்துப் பிடிப்பாள், கூரையைத் தாண்டி வெளியே ஆடிப் போனதும் மெல்ல விடுவாள். இத்தனை வருஷத்தில் ஓர் ஓடு உடைந்ததில்லை. மரத்தை மொட்டையும் அடிக்க மாட்டான். "காத்து பூந்து போறதுக்கு வழி வுட்டாப் போதும். மொட்டையடிச்சா அதுக்குக் கோவம் வந்து எல்லாக் கெளையும் ஒரே பக்கமா வுடும்" என்பான்.

வெயில் காலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வான். கேட்டார்களா? காயிருக்கிறது, பூவிருக்கிறது, நிழல் வேண்டும், மாடு கட்ட வேண்டும், ஆயிரம் சாக்கு. வானம் கறுத்த பிறகு, "சின்னக்கொழந்த, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று ஊரே அவன் வாசலில் நிற்கும். ஒரே நாளில் ஊர் மரம் பூராவும் ஏற அவனுக்கென்ன பத்துக் கையா?

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. அந்த வருஷம் அவன் மகள் செல்லம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. ஆனால் பிறந்தது அவன் வீட்டில் இல்லை.

அந்த ஊரில் பிரசவம் வீட்டில் நடக்காது. ஊரைத் தாண்டி, பாறைச் சரிவுக்குப் பின்னால் முட்டு வீடு என்று ஒரு குடிசை இருந்தது. மாதவிலக்கான பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் தீட்டுக் கழிகிற வரைக்கும் அங்கேதான். குடிசைக்குப் போகிற பாதையில், முற்றம் தொடங்குகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அந்தக் கல்லை ஆண்பிள்ளைகள் தாண்டக் கூடாது. தாண்டிய எவரும், ஆணோ பெண்ணோ, உள்ளே இருக்கிறவளுக்குத் தீட்டுக் கழிந்து ஓடையில் தலை முழுகுகிற அன்றைக்குத்தான் திரும்பி ஊருக்குள் வரலாம். பிரசவம் பார்க்கிற குப்பம்மாவுக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை, அவள் ஊர் ஊராகப் போக வேண்டியவள். அவளும் மூன்று நாள் கூட இருந்துவிட்டு, அடுத்த ஊரில் இன்னொருத்திக்கு வலி கண்டுவிட்டதென்று போய்விட்டாள்.

செல்லம்மா குழந்தையோடு தனியாக இருந்தாள். பெரியம்மாள் காலையும் மாலையும் கஞ்சியைக் கொண்டுபோய்க் கல்லருகே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு வருவாள்.

"நான் உள்ள போய்டறேன்யா. பச்ச உடம்புக்காரி, ஒண்டியா கெடக்குது" என்று தினமும் கேட்டாள்.

"போய்ட்டா கவுறு யாரு புடிக்கறது? மழைக்கு முன்னால இந்த நாலு மரம் முடியட்டும், அப்புறம் போ" என்றான். நாலு மரம் முடிந்தால் இன்னும் நாலு மரம் வந்து நின்றது. பெரியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனவன் அங்கே டீக்கடை ரேடியோவில் புயல் சேதி கேட்டான். கடலில் சுழல்கிறது, கரையேறப் போகிறது என்று படித்தார்கள். சுற்றி நின்றவர்கள் அது கடலோரத்துக்காரன் கவலை என்று டீயை உறிஞ்சினார்கள். இவனுக்கு டீ இறங்கவில்லை. உப்பு வாங்க வந்தவன் உப்பையும் வாங்காமல், வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவனைப்போல மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாக ஊர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் விடியும்போதே வாசலில் ஆள். ஊர்க்கவுண்டர் கோபால்சாமி வீட்டு மாமரம்தான் முதல். ஊர்க்கவுண்டர் என்றால் ஊரின் நல்லது கெட்டது, திருவிழா, தகராறு எல்லாம் அவர் சொல்படி. நல்ல மனிதர்தான். ஆனால் முறை என்று ஒன்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையானாலும் விட மாட்டார்.

அந்த மாமரத்தில் கூரைக்கு மேல் இரண்டு கொம்பு. ஒன்றை இறக்கிவிட்டான். இரண்டாவதற்குக் கயிறு மாட்ட இன்னும் மேலே போனான். அந்த மரத்தில் அவ்வளவு உயரம் அதுவரை அவன் ஏறியதில்லை. கவையில் காலை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பாறைச் சரிவுக்கு அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. முட்டு வீட்டுக் கூரை. கொடியில் காயும் குழந்தைத் துணி. அதற்கு மேல் ஒரு நாவல் மரம்.

ஊருக்குள் நின்று பார்த்தால் பாறை மறைக்கும். ஊரில் எத்தனை மரம், எந்த மரத்தில் எத்தனை கொம்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன் அந்த மரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். கால் போகாத இடத்துக்கு அவன் கண்ணும் போகவில்லை. ஓர் ஆள் இடுப்புப் பருமனில் ஒரு கொம்பு, கூரைக்கு மேலாக நீண்டு கிடந்தது. பாதிக்கு இலையே இல்லை. கவட்டில் புழுவரித்த கறுப்பு அங்கிருந்தே தெரிந்தது. புளியங்கொம்பென்றால் முறிவதற்கு முன்னால் முனகும், ஓட நேரம் கொடுக்கும். நாவல் அப்படியில்லை. சொல்லாமல் ஒடியும்.

"இன்னாய்யா மேல பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கீழிருந்து பெரியம்மாள் கத்தினாள்.

அவன் கயிற்றை உருவிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினான். முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது.

"கெள அப்பிடியே நிக்குதேடா?" என்றார் கோபால்சாமி.

"கவுண்டரே, முட்டு வூட்டு மேல நாவக்கெள ஒண்ணு செத்துப்போய்க் கெடக்குது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அத எறக்கணும். நான் போறேன்."

"எங்க போற?"

"அதான் சொல்றனே."

கோபால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "புத்தி கித்தி பிசகிப்போச்சா? கல்லத் தாண்டி எந்த ஆம்பளடா போயிருக்கான்? களத்துல சாமை கெடக்குது, சாமிக்குப் படைக்கல. இந்த நேரத்துல தீட்டு இழுத்து ஊர்ல வுடுவியா?"

"எம் பொண்ணு இருக்குதுங்க உள்ள. பால் மணம் மாறாத கொழந்த இருக்குது."

"எம் பொண்ணும் அங்கதான் பெத்தா. எங்கம்மா என்ன அங்கதான் பெத்தா. மரம் அப்பவும் அங்கதான் நின்னுச்சி." அவர் குரல் இறங்கியது. "நல்லா கேட்டுக்க. அந்தக் கல்லத் தாண்டின காலு அப்புறம் எந்த வூட்டு மேலயும் நிக்கக் கூடாது. எவன் உன்னைக் கூரை மேல ஏத்துவான்? நீயே சொல்லு."

சின்னக்குழந்தை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கையிலிருந்த கயிற்றைச் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். மேற்கே மரங்களின் தலை மெல்ல ஆட ஆரம்பித்திருந்தது. பெண்ணையும் குழந்தையையும் வெளியே கொண்டுவரலாமா? எந்த வீட்டில் வைப்பது? தீட்டோடு எவன் உள்ளே விடுவான்? பாறையடியில் வைத்தால் பச்சை உடம்பில் குளிர் ஏறி ஜன்னி கண்டுவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைத்துக்கொண்டது. ஆத்திரத்தில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான்.

அப்போதுதான் பெரியம்மாள் வந்து அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள்.

"நான் ஏறறேன்" என்றாள்.

"நீயா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லியா? இத்தினி வருசமா கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கினு இருக்கறேன். எந்தக் கெள எப்பிடி வுழும்னு எனக்குத் தெரியாதா? புளி உலுக்க நான் ஏறலியா?" கோபால்சாமியிடம் திரும்பினாள். "பொம்பள உள்ள போலாம் இல்லீங்க? அதுல ஒண்ணும் முறை கெட்டுப்போவாதே?"

கோபால்சாமி வழியை விட்டு ஒதுங்கினார். முறையில் அதற்குத் தடை இல்லை.

"கவுறு நுனிய கல்லுக்கு இந்தாண்ட வுடறேன். நீ புடி" என்று சின்னக்குழந்தையிடம் சொல்லிவிட்டு, கோடாலியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை நாளும் உள்ளே போகத் துடித்தவள். கல்லருகே ஒரு விநாடிகூட நிற்கவில்லை.

அவன் நிலைமையைச் சொல்ல வேண்டுமா? வாழ்நாள் பூராவும் மேலே நின்றவன், இப்போது கல்லுக்கு இந்தப் பக்கம் கயிற்று நுனியோடு நின்றான். சுற்றிக் கட்ட அங்கே ஒரு குச்சி இல்லை, வெறும் பாறையும் புல்லும். பெரியம்மாள் மரத்தில் ஏற ஏற அவனுக்குக் கால் தரிக்கவில்லை. "வலது காலு! அந்தக் கவையில வெக்காத! அது ஈரம்!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"வாய மூடுய்யா! எனக்குத் தெரியும்!" என்று மேலிருந்து பதில் வந்தது.

கோபால்சாமியும் அவர் பக்கத்து வீட்டு முனிசாமியும் இன்னும் இரண்டு பேரும் வந்து அவனுக்குப் பின்னால் நின்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான். அவன் கல்லைத் தாண்டிவிடுகிறானா என்று பார்க்கவும்தான்.

செல்லம்மா வெளியே வந்து, முற்றத்து ஓரத்துப் பாறையில் குழந்தையை மடியில் போட்டு, சாக்கைத் தலைக்குமேல் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மரத்தில் வேலை முடிகிறவரைக்கும் குடிசைக்குள் போகாதே என்று பெரியம்மாள் சொல்லிவிட்டு ஏறியிருந்தாள். மேலே கயிற்றைக் கொம்பில் கட்டியாயிற்று. உயரத்துக் கவையில் மாட்டியாயிற்று. அடிப்பக்க வெட்டும் விழுந்தது. சரியான இடத்தில், சரியான ஆழத்தில். சின்னக்குழந்தைக்கு அந்தப் பதற்றத்திலும் ஒரு பெருமை வந்தது. இவள் எங்கே கற்றுக்கொண்டாள் இதையெல்லாம்?

மேல்வெட்டுப் பாதி போயிருக்கும். மேற்கேயிருந்து ஒரு காற்று மழையையும் அள்ளிக்கொண்டு வந்து அடித்தது. சாக்கு பறந்தது. குழந்தை வீறிட்டது. செல்லம்மா என்ன செய்வாள், பெற்று ஒரு வாரம் ஆகாத பெண்? குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராகக் குடிசைக்குள் ஓடிவிட்டாள். மேலே இருந்த பெரியம்மாளுக்கு அது தெரியவில்லை. கீழே நின்ற சின்னக்குழந்தைக்குத் தெரிந்தது.

"வெட்டாத!" என்று கத்தினான்.

வெட்ட வேண்டியிருக்கவில்லை. காற்றே அதை முறித்தது. ஒரு முனகல் இல்லை, ஒன்றுமில்லை. கொம்பு கவட்டோடு பிளந்து கீழே போக, கயிறு அவன் கையில் விறைத்தது. உள்ளங்கைத் தோல் அப்போதே போய்விட்டது. அவன் இரண்டு காலையும் அந்தக் கல்லில் ஊன்றி, உடம்பு பூராவையும் பின்னுக்குச் சாய்த்தான். கொம்பு கூரைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே தொங்கி ஆடியது. விட்டால் நேராகக் கூரையில் விழும். கூரைக்குக் கீழே குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

"கவுண்டரே! ஒரு கை குடுங்க!"

கோபால்சாமியின் கை நீண்டது. முனிசாமியின் கையும் நீண்டது. கயிற்றின் மறுநுனி உள்ளே இருக்கிறது. தீட்டு ஒட்டுமோ என்று, நீண்ட கைகள் பாதியில் நின்றுவிட்டன.

அப்போது கல் அசைந்தது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் நட்ட கல்லோ, மழையில் ஊறிய மண் அதைக் கைவிட்டது. கல் சாய்ந்து புரள, சின்னக்குழந்தை அதன்மேல் இடறி, கயிற்றோடு முன்னால் இழுபட்டான். கையைத் திறந்தால் போதும், அங்கேயே நின்றிருக்கலாம். அவன் திறக்கவில்லை. குதிகால் சேற்றில் கோடு போட, முற்றம் பூராவும் இழுபட்டுப் போய், அடிமரத்தில் மோதி அதைக் கட்டிக்கொண்டான். கயிறு நின்றது. கூரையைத் தொடப்போன கொம்பு ஒருமுறை பெரிதாக ஆடி, கூரையைத் தாண்டி வெளியே போனது. அந்த நேரம் பார்த்துத்தான் விட்டான். பாறை அதிர அது வெறும் மண்ணில் விழுந்தது.

பெரியம்மாள் மரத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "பொண்ணு உள்ள இருக்குதுன்னு சொல்ல மாட்டியா?" என்று அவனைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

சின்னக்குழந்தை குனிந்து தன் காலைப் பார்த்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் கோபால்சாமி நின்றார். கல்தான் இல்லை, அது இருந்த குழி இருந்தது.

"உள்ள போய்ட்ட" என்றார் கோபால்சாமி. அவருக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் வெட்கப்பட்டவரைப் போலத்தான் இருந்தார். "தீட்டுக் கழியட்டும். அதுவரைக்கும் அங்கியே இரு."

அந்தக் குடிசைக்குள் அவன் குனிந்து நுழைந்தான். நிற்க உயரம் இல்லை. நடக்க இடம் இல்லை. பெரியம்மாள் அவன் கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணியைச் சுற்றினாள். "உக்காரு" என்றாள். வேறு வழியில்லை, உட்கார்ந்தான். செல்லம்மா குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். கை கட்டுப்போட்டிருந்ததால் தொடையை அகட்டித் தாங்கிக்கொண்டான். குழந்தை கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது.

பொழுது சாயச் சாயக் காற்று ஏறியது. ஊர் பூராவும் மரங்கள் இரைந்தன. அவனுக்கு ஒவ்வொரு சத்தமும் ஆள் பெயர்போலத் தெரியும். இது வீரன் வீட்டுப் பலா, கழித்தாயிற்று. இது கிணற்றங்கரைப் புளி, கழித்தாயிற்று. இது சாந்தம்மாள் வீட்டு முருங்கை, போனால் போகட்டும். முட்டி தானாக ஆடியது. எழுந்துபோய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று உடம்பெல்லாம் நமைத்தது.

"ஆடாதய்யா, கொழந்த எழுந்துக்கும்" என்றாள் பெரியம்மாள்.

முட்டியை அடக்கினான். அப்போது ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு முறிவுச் சத்தம், காற்றையும் மீறிக் கேட்டது.

"கவுண்டர் வூட்டு மா" என்றான். "ரெண்டாவது கெள. நான் வுட்டுட்டு வந்தது." அவன் முகம் வெளிறிவிட்டது. ஒரு கூரையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விடிகிற வரைக்கும் அவன் கண்ணை மூடவில்லை. மடியையும் அசைக்கவில்லை.

காலையில் காற்று கொஞ்சம் அடங்கியது. வானம் மட்டும் அடங்கவில்லை, கிழக்கே இன்னும் கறுத்துக்கொண்டிருந்தது. கோபால்சாமி வந்து குழிக்கு அந்தப் பக்கம் நின்றார். தலைப்பாகை இல்லை, கண் சிவந்திருந்தது.

"சின்னக்கொழந்த! கெள பொளந்துக்கினு கூரை மேல தொங்குது. தோலுதான் புடிச்சிக்கினு இருக்குது. வூட்டு ஜனங்கள வீரன் வூட்டுல வுட்டிருக்கறேன். முனிசாமி பாதி ஏறிட்டு, நடுங்கிக்கினு எறங்கிட்டான். இன்னொரு காத்து அடிச்சா வூடும் போச்சி, உள்ள இருக்கற வருசத்து சாமையும் போச்சி." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ வா. நான் சொல்றேன், வா."

வேறொருவனாக இருந்தால் இந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பான். இந்தக் கால் உங்கள் கூரை மேல் நிற்கலாமா என்று கேட்டிருப்பான். சின்னக்குழந்தைக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. கூப்பிடுவதற்கு முன்பே குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டான், கட்டுப்போட்ட கையால் கயிற்றைத் தோளில் இழுத்துப் போட்டுவிட்டான். வாசலுக்கு வந்தவன் அங்கேதான் நின்றான்.

"கவுறு யாரு புடிக்கறது?"

"முனிசாமி புடிப்பான்."

"அவன் நேத்தே புடிக்கலீங்களே. பெரியம்மா இல்லாம நான் ஏற மாட்டேன்."

கோபால்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "சரி, அவளும் வரட்டும்."

"அவ வந்துட்டா பொண்ணு ஒண்டியா இருக்கணும், இந்தக் காத்துல. நேத்து நான் பட்டது போதுங்க. வந்தா நாலு பேரும் வர்றோம். இல்லன்னா நாலு பேரும் இங்கியே கெடக்கறோம்."

அவன் முறையை எதிர்த்துப் பேசவில்லை. வேலைக்கு ஆள் கணக்குப் பார்த்தான், அவ்வளவுதான். கோபால்சாமிக்குக் கணக்கு வேறாக இருந்தது. பிறந்து ஒரு வாரம் ஆகாத குழந்தை, தீட்டுக் கழியாத பெண், ஊருக்குள். அவர் குழியைப் பார்த்தார். சேற்றில் புரண்டு கிடந்த கல்லைப் பார்த்தார். கிழக்கேயிருந்து ஒரு காற்று வந்து நாவல் இலைகளைத் திருப்பிவிட்டுப் போனது.

"வாங்க" என்றார். "எல்லாரும் வாங்க. வீரன் வூட்டுல ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்றேன்."

பெரியம்மாள் கோடாலியையும் கஞ்சிச் சட்டியையும் எடுத்துக்கொண்டாள். செல்லம்மா துணி மூட்டையை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்தாள். குழந்தையோடு சின்னக்குழந்தை முன்னால் நடந்தான். குழியைத் தாண்டுகிற இடத்தில் கயிறு தோளிலிருந்து நழுவிக் காலில் சிக்கியது. அவிழ்க்க ஒரு கை போதவில்லை.

"புடிங்க" என்று குழந்தையைக் கோபால்சாமியிடம் நீட்டினான். "கவுறு சிக்கிக்கிச்சி."

அவர் ஓரடி பின்னால் போனார். இவன் நீட்டிய கையை இழுக்கவில்லை. அவர் வாங்காமல் விட்டால் விழுந்துவிடும் என்கிற மாதிரி, பாதி அவர் கையிலேயே வைத்துவிட்டான். பிறகு குனிந்து சிக்கை எடுத்தான், கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டான், மாமரத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்துவிட்டான்.

"தலைக்குக் கீழ கையக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாளும் பின்னால் ஓடினாள்.

கோபால்சாமி தலைக்குக் கீழே கையைக் கொடுத்தார். குழந்தை கொட்டாவி விட்டு, அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. தன் வீட்டு மரத்தில் கோடாலி விழுகிற சத்தம் கேட்டும், அது எழுந்துவிடுமோ என்று அவர் அசையாமல் நின்றார்.